அறுபத்தாறு அடிக் கம்பி

ஐம்பத்தேழாம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த துணிக்கொடி காணாமல் போயிற்று. பிழிந்த புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் நிற்கிறேன். கொடி இருந்த இடத்தில் இரண்டு ஆணிகள் மட்டும் இருக்கின்றன. திருடன் வந்திருந்தால் ஆணியையும் பிடுங்கிக்கொண்டு போயிருப்பான். ஆகையால் யார் எடுத்தது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை.

என் வீட்டுக்காரர்தான். அவர் பெயரை நான் சொல்வதில்லை. சொன்னால் ஆயுசு குறையும் என்று எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். அதை நான் நம்புகிறேனா என்றால் தெரியாது, ஆனால் சோதித்துப் பார்க்கிற விஷயமா அது? மற்றவர்கள் அவரை அழகிரி என்று கூப்பிடுவார்கள். திருச்சி ஜங்ஷனில் ரயில்வே தந்தி குமாஸ்தா. பகல் முழுக்கத் தந்தி அடித்துவிட்டு வந்து, ராத்திரி சாப்பிடும்போதும் இடது கை விரலால் தரையில் தட்டிக்கொண்டிருப்பார். என்ன தட்டுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். ‘ரசத்தில் உப்பு இல்லை’ என்று தட்டினாராம். வாயால் சொல்ல தைரியமில்லாத மனுஷர்.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. சொந்தமாக வீட்டிலேயே சின்ன வானொலி நிலையம் வைத்து, உலகத்தில் இதே பைத்தியம் பிடித்த மற்றவர்களோடு பேசுவதற்கு சர்க்கார் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கிறதாம். தந்தி அடிக்கத் தெரிந்தவருக்குப் பாதி பரீட்சை ஏற்கனவே பாஸ். மீதிப் பாதிக்குப் புத்தகம் வாங்கி வைத்திருந்தார். பேசுவதற்கு முன்னால் தூர தேசத்து நிலையங்களைக் கேட்டுப் பழக வேண்டும், கேட்பதற்கு நல்ல ஏரியல் வேண்டும், ஏரியலுக்குக் கம்பி வேண்டும். அந்தக் கணக்கு கடைசியில் என் துணிக்கொடியில் வந்து முடிந்தது.

இந்த விஷயத்தில் அவருக்குக் கூட்டாளி காஜா மைதீன். நத்தர்ஷா பள்ளிவாசலுக்குப் போகிற சந்து ஒன்றில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டு ஐந்து வால்வு செட் அவர் கையால் கட்டியது. செட்டுக்குள்ளே எந்தக் கோளாறு என்றாலும் முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார். செட்டுக்கு வெளியே இருப்பது அல்லாவுடைய காற்று, அதில் தனக்கு உரிமை கிடையாது என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் செட்டின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், காப்பி கொடுக்க நான் ஒருத்தி வந்து நிற்பது கூடத் தெரியாது.

அன்றும் ஞாயிற்றுக்கிழமை. கொடியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு இவர் கூடத்தில் நிற்க, நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் காஜா மைதீன் வாசலில் வந்து நின்றார். பின்னால் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவர் மனைவி ஷரபுன்னிசா. கையில் ஒரு வான்கடிதம்.

ஷரபுவை எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். அதிகம் பேச மாட்டாள். அன்றைக்கு உட்காரும் முன்பே பேசினாள். சிங்கப்பூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கும் அவள் தம்பி ஜெகபர் அலி எழுதியிருந்தான். அங்கே வானொலியில் தமிழ் நிகழ்ச்சி ஒன்றில், வேலைக்கு வந்த நம் ஊர்க்காரர்களைப் பாட விடுகிறார்களாம். வருகிற வெள்ளிக்கிழமை விட்டு அடுத்த வெள்ளிக்கிழமை அவன் முறை. அந்த ஊர் நேரம் ராத்திரி ஒன்பது மணி; நமக்கு சாயங்காலம் ஏழு. அவன் கப்பலேறி ஒன்பது வருஷம் ஆகிறது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்தவள் இவள்.

“பாட்டுல அவன் நாக்கு நிக்காதுக்கா” என்றாள். “பேச்சுலதான் திக்கும். அதுலயும் பேரைச் சொல்லுன்னா அவ்வளவுதான், முதல் எழுத்துலயே நின்னுடுவான். ஸ்கூல்ல சேக்கும்போது நான்தான் அவன் பேரைச் சொன்னேன். கப்பல் டிக்கெட் ஆபீஸ்லயும் நான்தான் சொன்னேன். இப்ப பாட்டுக்கு முன்னாடி அவனே பேரையும் ஊரையும் சொல்லணுமாம். நான் பக்கத்துல இல்லாம சொல்லப் போறான்க்கா. அதை நான் கேட்டுடணும்.”

அடுப்பிலிருந்து இறக்கிய பால் மாதிரி என் கோபம் அடங்கிவிட்டது. கொடியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கிணற்றுக் கயிறும் வேண்டுமா என்று கேட்டேன்.

அவர்கள் வீட்டிலேயே கேட்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கடை இருந்த சந்திலேயேதான் அவர்கள் வீடும்; ஒரு பக்கம் மாவு மில், இன்னொரு பக்கம் கரண்டில் ஓடும் தையல் மெஷின்கள், தலைக்கு மேலே கையை நீட்டினால் மின்சாரக் கம்பி. செட்டைத் திருப்பினால் மாவு அரைக்கிற சத்தம்தான் எல்லா தேசத்திலிருந்தும் வரும். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கீழ அடையவளஞ்சான் தெருவில், கொல்லைப்புறம் நீளமாக, சந்தடி இல்லாமல் இருந்தது. அதனால் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. பதினோரு நாள் பாக்கி இருந்தது.

முதல் காரியமாக என் துணிக்கொடி வெறும் துருப்பிடித்த இரும்பு, அது எதற்கும் உதவாது என்று காஜா மைதீன் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குள் அதில் நாலு முடிச்சு விழுந்திருந்தது. தாமிரக் கம்பிச் சுருள் ஒன்றை அவரே கொண்டுவந்தார்.

பிறகு எந்த ஏரியல் என்று வாதம் ஆரம்பித்தது. சம்பந்தம் பேசுகிற வீட்டில்கூட அவ்வளவு வாதம் நடக்காது. கூடத்து உத்தரத்தைச் சுற்றி நாலு பக்கமும் கம்பி ஓட்டினால் போதும் என்று இவர் முதலில் சொன்னார். ஓட்டினார்கள். திருச்சி வந்தது. திருச்சி நிலையம் கம்பியே இல்லாமலும் வரும். எங்கள் வீட்டு இரும்பு வாணலியில் கூட வரும். சிங்கப்பூர் இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இரைச்சல்.

உயரம்தான் முக்கியம் என்றார் காஜா மைதீன். மூங்கில் ஒன்றை மொட்டை மாடியில் நட்டு, அதன் உச்சியிலிருந்து கம்பியை நேர் கீழே இறக்கினார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதில் யாரோ தமிழில் பேசுகிற மாதிரி கேட்டது. கூடவே தெருவில் போகிற ஒவ்வொரு மோட்டார் வண்டியும் கேட்டது. பக்கத்துத் தெருவில் யார் வீட்டில் சுவிட்சு போட்டாலும் ‘டொக்’ என்று எங்கள் ரேடியோ சாட்சி சொன்னது. நின்றுகொண்டிருக்கிற கம்பி ஊர் வம்பு எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், படுத்திருக்கிற கம்பிக்கு அவ்வளவு வம்பு ஏறாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதாம். அதைப் படித்ததும் இவருக்குத் தெம்பு வந்துவிட்டது.

மூன்றாவது ஏரியல்தான் பெரியது. அறுபத்தாறு அடி நீளம். சிங்கப்பூர் பேசுகிற அலைக்கு அதுதான் அளவு. நாளைக்கு லைசென்ஸ் வந்தால் இவர் பேசப்போகிற அலைக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. கம்பியை நட்டநடுவில் வெட்டி, வெட்டின இடத்தில் ஒரு பீங்கான் துண்டைக் கட்டி, அந்த இரண்டு முனைகளிலிருந்தும் முறுக்கின ஒயர் ஒன்றை செட்டுக்கு இறக்க வேண்டும். எங்கள் மனை கிழக்கு மேற்காக நீண்டது. மாடி மூங்கிலில் ஒரு முனை, கொல்லைக் கோடி தென்னையில் மறு முனை. இரவல் வாங்கின தேசப்படத்தையும் திசைகாட்டிப் பெட்டியையும் தரையில் வைத்துக்கொண்டு இவர் குனிந்து குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மனை நமக்காகவே அமைந்திருக்கிறது, கம்பி நேராக சிங்கப்பூரைப் பார்க்கிறது என்றார். கொஞ்சம் தெற்கே சாய வேண்டுமாம், அதனால் பாதகமில்லையாம். தேங்காய் பறிக்க வருகிற பிச்சமுத்து மரத்தில் ஏறிக் கட்டிக் கொடுத்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் செட்டைப் போட்டார்கள். கொழும்பு வந்தது பாருங்கள், பக்கத்து அறையில் நின்று பேசுகிற மாதிரி! சின்ன மூச்சுகூடக் கேட்டது. காஜா மைதீன் இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் பாயசம் வைக்கலாமா என்று வெல்லத்தை எடுத்தேன். அப்புறம் சிங்கப்பூருக்குத் திருப்பினார்கள். காதுக்குப் பின்னால் கொசு பறக்கிற மாதிரி ஒரு குரல். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியவில்லை. வெல்லத்தைத் திரும்ப டப்பாவில் போட்டேன்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் ஏதேதோ செய்து பார்த்தார்கள். பற்றவைத்த இடத்தையெல்லாம் மறுபடி பற்றவைத்தார்கள். செட்டின் எர்த்துக்காகப் பூமிக்குள் அடித்த குழாய்க்குத் தினம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். துளசிக்கு ஊற்றுகிற மாதிரி நானும் ஊற்றினேன். கொழும்பு இன்னும் நன்றாக வந்தது. சிங்கப்பூர் கொசு கொசுவாகவே இருந்தது. கம்பி நேராக அங்கேதானே பார்க்கிறது, அப்புறம் ஏன் என்று இவர் சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். தரையில் விரலும் தட்டவில்லை. ரசத்தில் உண்மையாகவே உப்புப் போட மறந்திருந்தேன், அதையும் கவனிக்கவில்லை.

புதன்கிழமை காலை பெருமாளைச் சேவிக்கப் போனேன். வழக்கமாக எனக்கு என்று கேட்டுக்கொள்ள ஒரு பட்டியல் இருக்கும். அன்றைக்கு அதையெல்லாம் விட்டுவிட்டு, ஜெகபர் அலி குரல் அவன் அக்கா காதில் விழ வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். எனக்கு முன்னால் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று நின்றது. முதல் தடவை வந்தவர்கள் போலிருக்கிறது. அர்ச்சகர் அவர்களுக்காகத் தீபத்தை மெதுவாக நகர்த்திக்கொண்டே சொன்னார்.

“மேற்கே திருமுடி. கிழக்கே திருவடி நீட்டிச் சயனம். திருமுகம் மாத்திரம் தெற்கே. விபீஷணனுக்கு வாக்குக் குடுத்தபடி லங்கையைக் கடாட்சிச்சிண்டிருக்கார். நன்னா சேவிச்சுக்கோங்கோ.”

ஆயிரம் தடவை கேட்ட வாக்கியம். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. மேற்கே தலை, கிழக்கே கால், பார்ப்பது இலங்கையை. எங்கள் வீட்டில் மேற்கே மூங்கில், கிழக்கே தென்னை, கேட்பது கொழும்பு! நான் தீர்த்தம் வாங்கிக்கொள்ளாமலே வெளியே வந்துவிட்டேன். பெருமாள் மன்னிப்பார், அவர்தானே சொல்லிக் கொடுத்தார்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரை வாசலில் மறித்தேன். “உங்க கம்பி பெருமாள் மாதிரி படுத்திருக்கு. சிங்கப்பூர் பக்கமா காலை நீட்டிக்கிட்டு, இலங்கையைப் பாத்துக்கிட்டு இருக்கு. கால் பக்கத்துல நிக்கிறவன் கத்துனா யாருக்குக் கேக்கும்?”

இது சயன்ஸ், கோயில் இல்லை என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் பாதியில் நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தைப் புரட்டினார். படுக்கவைத்த கம்பியின் படம் ஒன்று அதில் இருந்தது. கம்பியின் இரண்டு பக்கத்திலும் எட்டு என்ற எண்ணைக் குறுக்கே கிடத்தினாற்போல இரண்டு வட்டங்கள் போட்டிருந்தன. கம்பி விலாப்புறமாகத்தான் கேட்கும், முனைப்பக்கம் அதற்குக் காது மந்தம் என்று அதற்கு அர்த்தம். இத்தனை நாள் அந்த வட்டங்களை அவர் என்னவென்று நினைத்தார் தெரியுமா? அச்சடித்தவன் அழகுக்குப் போட்டிருக்கிறான் என்று! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவரும் கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்.

சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது. ஆகவே கம்பி வடக்கு தெற்காகப் படுக்க வேண்டும். எங்கள் மனையின் அகலமோ இருபத்து நாலு அடி. எங்கள் தென் மதில் ஓரத்தில் ஒரு தென்னை உண்டு. வட முனைக்கு அடுத்த வீட்டுக் கொல்லையைத் தாண்டி, அதன் மறுகோடியில் நிற்கிற தென்னை வேண்டும். இரண்டு பேரும் வடக்கு மதிலைப் பார்த்தோம். எங்கள் சிரிப்பு நின்றது.

மதிலுக்கு அந்தப் பக்கம் மயிலம்மாள் வீடு. அவளுக்கும் எனக்கும் பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன பங்குனியில் அவள் வீட்டுக் கன்றுக்குட்டி மதில் இடிசல் வழியாக வந்து, நான் காயப் போட்டிருந்த ஒரு பாய் வடாத்தையும் தின்றுவிட்டது. கன்றுக்கு என்ன தெரியும் என்று அவள் கேட்டாள். கன்றுக்குத் தெரியாது, வளர்த்தவளுக்குத் தெரிய வேண்டாமா என்று நான் கேட்டேன். அதோடு சரி. அதற்கப்புறம் எங்களுக்குள் எல்லாம் ஜாடைப் பேச்சுதான். நான் என் முருங்கை மரத்தைப் பார்த்துத் திட்டுவேன், அவள் கன்றைக் கூப்பிட்டுப் பதில் சொல்வாள். இந்த ஏற்பாடு இரண்டு பேருக்குமே சௌகரியமாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தானே போய்க் கேட்பதாக இவர் சொன்னார். பெண்கள் சண்டையில் ஆண்பிள்ளை போய் நின்றால் வேலை கெட்டுவிடும் என்று தடுத்துவிட்டு, நானே கொல்லைக்குப் போனேன். மயிலம்மாள் மதிலுக்கு அந்தப் பக்கம் கன்றைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் முருங்கை மரத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிங்கப்பூர்த் தம்பி, ஒன்பது வருஷம், பெயரில் வந்து நிற்கிற நாக்கு, வெள்ளிக்கிழமை ஏழு மணி, ஒரே ஒரு தென்னை மரம் எல்லாம் சொன்னேன். அந்த முருங்கை அவ்வளவு நீளமான சங்கதியை அதுவரை கேட்டிருக்காது.

அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. “கேட்டியாடி லட்சுமி” என்றாள் மயிலம்மாள் கன்றிடம். “மரம் வேணுமாம். மரத்தை யாரு வேணாம்னா? ஆனா கேக்கிறவங்க வாசல் வழியா வந்து, மூஞ்சியைப் பாத்துக் கேக்கணும். மரத்துக்கிட்டயும் மாட்டுக்கிட்டயும் கேட்டா நான் எப்படிக் குடுக்கிறது?”

எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. உள்ளே போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். ஷரபு அந்தக் கடிதத்தை மடித்து மடித்து வைத்திருந்த கையை நினைத்துக்கொண்டேன். முகத்தைக் கழுவி, தலையை வாரிக்கொண்டு, தெருவில் இறங்கி, அவள் வாசல்படி ஏறினேன். மரம் வேண்டும் என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

அவள் என்னை உட்காரச் சொன்னாள். மோர் கொடுத்தாள். பிறகு, “மரம் காத்துல ஆடும்ல? கம்பியை விறைப்பாக் கட்டினா அறுந்துடும். எங்க கிணத்துக் கப்பியைக் கழட்டித் தரேன். அதை மரத்துல கட்டி, கயித்து முனையில ஒரு கல்லைத் தொங்கவிடச் சொல்லுங்க. மரம் ஆடினா கல்லு ஏறி இறங்கும், கம்பிக்கு ஒண்ணும் ஆகாது” என்றாள். இதைத் தந்தி குமாஸ்தாவும் யோசிக்கவில்லை, ரேடியோ மெக்கானிக்கும் யோசிக்கவில்லை. கப்பிக்குப் பதிலாக ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அந்தத் தம்பி பாடும்போது தானும் வந்து கேட்பாளாம். இதைப் போய் நிபந்தனை என்று சொன்னாளே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. வடாம் நன்றாக இருந்ததா என்று கன்றை விசாரித்துவிட்டு வந்தேன். அவள் வாய்விட்டுச் சிரித்தது எங்கள் கூடம் வரை கேட்டதாம்.

வியாழக்கிழமை இவருக்கு லீவு கிடைக்கவில்லை, காஜா மைதீனுக்கும் கடையை விட்டு வர முடியவில்லை. வெள்ளிக்கிழமை பகலில் இவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு வர, பிச்சமுத்து இரண்டு மரமும் ஏறி இறங்கினான். காஜா மைதீன் ஜும்மா தொழுகையை முடித்துக்கொண்டு, ஷரபுவோடு பஸ்ஸில் பாலம் தாண்டி வந்து சேர்ந்தபோது மணி மூன்று. பழைய கம்பி கீழே இறங்கி, புதிய திசையில் மேலே ஏறியது. மயிலம்மாள் வீட்டுக் கப்பியில் எங்கள் வீட்டு அம்மிக் குழவி தொங்கியது. அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டில் சட்னி கிடையாது.

பொழுது சாய்ந்ததும் ஷரபு மஃரிப் தொழுவதற்கு இடம் கேட்டாள். மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டாளோ இல்லையோ, இவர் திசைகாட்டிப் பெட்டியோடு ஓடிவந்தார். அந்தப் பத்து நாளில் எங்கள் வீட்டில் திசை தெரியாதவர் யாரும் பாக்கியில்லை. அவள் தொழுது எழுந்தபோது கண் சிவந்திருந்தது. கொண்டுவந்திருந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தாள்.

ஆறே முக்காலுக்கு செட்டைப் போட்டார்கள். வால்வு சூடாகிற வரைக்கும் எல்லாரும் செட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் கொழும்பைப் பார்த்தார்கள்; கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அது தள்ளிப் போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருக்கும். இவர் முள்ளை மெதுவாக நகர்த்தினார். இரைச்சல், ஒரு சீட்டி, மறுபடி இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல் தமிழில் நேரம் சொன்னது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. காஜா மைதீன், “யா அல்லா” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். வாசல்படியிலேயே நின்ற பிச்சமுத்துவை மயிலம்மாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்தாள்.

ஏழு மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதலில் யாரோ தஞ்சாவூர்க்காரர் பாடினார். தூரத்துக் குரல் அல்லவா, நன்றாக வந்துகொண்டே இருக்கும், திடீரென்று அமிழ்ந்து போகும், மறுபடி மேலே வரும். அமிழ்கிறபோதெல்லாம் இவர் குமிழைத் தொட்டு ஏதோ செய்வார். காஜா மைதீன் கொல்லைக்கு ஓடிக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். இரண்டாவது ஆள் பாடி முடித்தார். பிறகு அறிவிப்பாளர், அடுத்தவர் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்வார் என்றார்.

ஆர்மோனியம் சுருதி பிடித்தது.

“என் பேர்... ஜெ...”

நின்றுவிட்டது.

இவர் கை குமிழுக்குப் போயிற்று. காஜா மைதீன் கொல்லைப் பக்கம் பாய்ந்தார். ஷரபு எழுந்து என் வீட்டுக்காரர் கைக்கும் ரேடியோவுக்கும் நடுவில் தன் கையை நீட்டினாள். வேற்று ஆண்பிள்ளை முகத்தை நிமிர்ந்து பார்த்துப் பேசாதவள்.

“தொடாதீங்கண்ணே. கம்பி இல்ல. அது என் தம்பி.”

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சுருதி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கம்பி ஒழுங்காகத்தான் இருக்கிறது, கடலும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் ஒரு மனுஷன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறான், அவ்வளவுதான். இவர் கையை எடுத்துக்கொண்டார். ஷரபுவின் உதடுகள் மட்டும் அசைந்தன. ஸ்கூலில் சொன்ன மாதிரி, டிக்கெட் ஆபீஸில் சொன்ன மாதிரி, தானே சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு வாய் துடித்திருக்கும். சத்தம் வராமல் அடக்கிக்கொண்டாள்.

“ஜெ... ஜெகபர் அலி” என்றது ரேடியோ. “ஊரு திருச்சினாப்பள்ளி. எங்க அக்கா பேரு ஷரபுன்னிசா.”

அக்கா பெயரில் அவன் திக்கவே இல்லை.

பிறகு பாடினான். என்ன குரல்! கணீர் என்று, ஒரு தயக்கமும் இல்லாமல், தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்கால் மாதிரி ஓடியது பாட்டு. ஷரபு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பாட்டு முடிந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஒம்பது வருஷத்துல ஆள் மாறிப் போயிருப்பானோன்னு பயந்தேன்க்கா. அந்த ஜெ-ல நின்னான் பாருங்க, மாறவே இல்ல” என்றாள். மயிலம்மாள் தன் முந்தானையால் ஷரபுவின் முகத்தைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் என் முகத்தையும் துடைத்தாள். நான் அழுதது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அன்றைக்குப் பாயசத்துக்கு எடுத்த வெல்லத்தை மறுபடி டப்பாவில் போடவில்லை.

மறுநாள் காலை இவர் வழக்கம்போல ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார். தூர நிலையத்தைக் கேட்டவர்கள், எப்படிக் கேட்டது என்று அந்த நிலையத்துக்கே எழுதிப் போடுவது இந்தப் பைத்தியக்காரர்களின் பழக்கம். நிலையத்தார் பதிலுக்குப் படம் போட்ட அட்டை அனுப்புவார்கள். இந்த ரிப்போர்ட் விஷயத்தில் இவர் மகா கறார். ரயில்வே கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்கு, எத்தனை நொடி, எந்த இடத்தில் குரல் அமிழ்ந்தது என்று ஒன்று விடாமல் குறித்துக்கொள்வார். ஒரு நொடி கூட்டவோ குறைக்கவோ மாட்டார். முந்தின நாள் குறித்த காகிதத்தை நான் எட்டிப் பார்த்தேன். ‘7.14 - குரல் இல்லை - 11 நொடி’ என்று இருந்தது.

இதை எழுதி அனுப்பினால், அங்கே யாராவது படித்து, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு ஏதாவது சொன்னால்? சண்டைக்குத் தயாராகிக்கொண்டு அவர் தோளுக்கு மேலே குனிந்து, ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன்.

ஏரியல்: அறுபத்தாறு அடி, வடக்கு தெற்கு. குரலின் பலம்: மிக நன்று. 7.14க்கு ஜெகபர் அலி என்பவர் பாடினார். தடங்கல் என்ற இடத்தில் முத்து முத்தாக ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: இல்லை.

நான் உள்ளே போய், அவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி கலந்தேன்.